சத்தம் கேட்டதற்கும் கூலி கொடுங்கள்

போன மாதம் என் வண்டியின் முன்பக்கம் 'டொக் டொக்' என்று தட்ட ஆரம்பித்தது. பேராக்கில் லிந்தாங் பக்கம் தோட்டத்துச் சாலையில் தினமும் போய் வருகிறவன் நான். செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் ஓடி ஓடி, ஓரமெல்லாம் பெயர்ந்து கிடக்கும். சுங்கை சிப்புட் டவுனில் ஒரு பட்டறையில் விட்டேன். பையன் பானெட்டின் மேல் கை வைத்து இரண்டு முறை அமுக்கினான். "அப்சோபர் போச்சு அண்ணே." வண்டி குதிப்பதை அடக்குகிற சாமான் அது. இரண்டு பக்கமும் சேர்த்து 800 வெள்ளி. மாற்றிக்கொண்டு கிளம்பி, சாப்பாட்டுக்கடை முனை திரும்புவதற்குள் மறுபடியும் டொக் டொக்.

அந்தப் பட்டறையைத் திட்டத்தான் எழுத உட்கார்ந்தேன். யோசித்துப் பார்த்தால் பாதித் தப்பு என் பக்கம்.

தோட்டத்தில் டிராக்டர் பழுது பார்த்து ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவர் இருக்கிறார். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை, அதுதான் அவர் பட்டறை. அவர் ஸ்பேனரையே எடுக்கவில்லை. "ரோட்டு மேட்டுப் பம்ப் ஏறும்போது சத்தம் வருதா, ஒரு சக்கரம் மட்டும் குழியில இறங்கும்போது வருதா? பிரேக் அடிச்சா? நின்ன இடத்துல ஸ்டீரிங் திருப்பினா?" எனக்கு ஒன்றுக்கும் பதில் தெரியவில்லை. 800 வெள்ளி கொடுத்தவனுக்குத் தன் வண்டி எப்போது கத்துகிறது என்றே தெரியாது! "வா தம்பி, ஓட்டிப் பார்ப்போம்" என்று பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார்.

இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறும் பம்ப்பில் சத்தமே இல்லை. இடது சக்கரம் மட்டும் குழியில் இறங்கினால் டொக். அப்போதே அவர் சிரித்துவிட்டார். முன் சக்கரங்கள் இரண்டையும் குறுக்கே இணைத்து ஸ்டெபிலைசர் பார் என்று ஒரு கம்பி போகிறது. இரண்டு பக்கமும் சேர்ந்து ஏறி இறங்கினால் அது முறுக்கிக்கொள்ளாது. ஒரு பக்கம் மட்டும் இறங்கும்போதுதான் முறுக்கும், அந்தப் பாரம் முழுக்க முனைகளில் இருக்கும் சின்ன லிங்க்குகளில் விழும். இருந்தாலும் அவர் அவசரப்படவில்லை. லிங்க் இரண்டையும் கழற்றி வைத்துவிட்டு மெதுவாக ஒரு சுற்று ஓட்டினார். வளைவில் வண்டி கொஞ்சம் கூடுதலாகச் சாய்ந்தது. சத்தம் போயே போச்சு. கழற்றிய லிங்க்கைக் கையில் கொடுத்தார், விழப்போகும் பால் பல் மாதிரி அதன் முனை ஆடியது.

பானெட்டை அமுக்கிப் பார்ப்பதில் தப்பில்லை. ஆனால் அப்சோபர் ஓய்ந்துபோய் வண்டி நிற்காமல் குதிக்கிறதா என்பதைத்தான் அது காட்டும். எங்கே தட்டுகிறது என்று அது சொல்லாது. பிரேக் அடிக்கும்போதும் ரிவர்ஸ் எடுக்கும்போதும் 'டக்' என்றால் லோவர் ஆர்ம் புஷ், அதாவது சக்கரத்தைப் பிடித்திருக்கும் கீழ்க் கையின் ரப்பர் மூட்டு, அதன் மேல் சந்தேகம். நின்ற இடத்தில் ஸ்டீரிங் திருப்பும்போது ஸ்பிரிங் 'டொய்ங்' என்றால் அப்சோபரின் மேல்முனையைப் பிடித்திருக்கும் மௌண்டிங். பிரேக்கை லேசாகத் தொட்டதும் கடகட நின்றுவிட்டால் பிரேக் பேடைப் பாருங்கள். சக்கரத்தை ஆர்மோடு இணைக்கும் உருண்டை மூட்டான பால் ஜாயிண்ட் ஆட்டம் கண்டிருந்தால் மட்டும் நாளைக்கு என்று தள்ளாதீர்கள். அது கழன்றால் சக்கரமே மடங்கிவிடும்.

புஷ் பற்றி அண்ணன் சொன்னது ஒன்று மனதில் நின்றுவிட்டது. ஆர்ம் புஷ்ஷின் போல்ட்டை, வண்டி ஜேக்கில் தொங்கும்போது கடைசி முறுக்கு முறுக்கக் கூடாதாம். சக்கரம் தரையில் நின்று பாரம் இறங்கிய பிறகுதான். இல்லையென்றால் உள்ளே இருக்கும் ரப்பர் எந்நேரமும் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும். புதுசு போட்டும் நிலைக்கவில்லை என்றால் சாமான் சரியில்லை என்கிறோம், பல நேரம் போட்ட விதம்தான் காரணம். கிறீச் என்றால் எண்ணெய் அடிக்கிற பழக்கம் வேறு. பால் மரத்து ரப்பருக்கு எண்ணெய் ஆகாது, ஊறி உப்பிவிடும். பால்மரம் வெட்டிய அம்மாவுக்குப் பிறந்த எனக்கு இதைக் கொட்டகையில் வைத்து இன்னொருவர் சொல்ல வேண்டியிருந்தது.

சரி, கணக்குக்கு வருகிறேன். லிங்க் ஒரு ஜோடி 90 வெள்ளி, மாட்டிய கூலி 40. ஒன்றரை மணி நேரம் ஓட்டி, கழற்றி, கேட்டுக் கண்டுபிடித்ததற்கு? "அதுக்கெல்லாம் என்னப்பா காசு" என்றார்.

இங்கேதான் எனக்குக் கோபம், நம் எல்லோர் மேலும். சாமானுக்கு 800 எண்ணி வைப்போம். "பார்த்ததுக்கு 50" என்று ஒரு பட்டறைக்காரர் கேட்டால், சும்மா பார்த்ததுக்கா என்று பசியாறும் கடையில் உட்கார்ந்து அவர் பேரைக் கெடுப்போம். பிறகு அந்தப் பையன் என்ன செய்வான்? சாமான் விற்றால்தான் அவனுக்குச் சம்பளம், அதனால் விற்கிறான். கண்டுபிடிக்கிற வேலைக்குத் தனியாகக் கூலி கேட்கும் பட்டறை இருந்தால், நான் முதலில் அங்கேதான் போவேன்.

வீடு திரும்பும்போது பின்னால் இன்னொரு கடகட. வண்டியைத் திருப்பினேன். அண்ணன் வண்டியின் பின் மூடியைத் திறந்து, கொக்கி கழன்று உருண்டுகொண்டிருந்த ஜேக்கை எடுத்துக் காட்டினார். இந்த முறை கேட்காமலே 50 வெள்ளியை அவர் டூல் பெட்டி மேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் காலை அவர் மகன் மோட்டாரில் வந்து அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனான். கூடவே ஒரு சீப்பு வாழைப்பழம்.