உடைந்த ஊசிக்குப் பதிவேடு உண்டு, குத்துப்பட்ட விரலுக்கு?

திருப்பூரின் ஏற்றுமதி பனியன் கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்களுக்கு ஊசிப் பதிவேட்டைத் தெரியாமல் இருக்காது. பவர் டேபிளில், அதாவது மோட்டாரில் ஓடும் தையல் மிஷினில், ஊசி உடைந்தால், டெய்லர் அதன் துண்டுகளை எல்லாம் தேடி எடுத்துக் கொடுக்க வேண்டும். அவற்றைச் செலோ டேப்பால் பதிவேட்டில் ஒட்டி, தேதியும் மிஷின் எண்ணும் எழுதிய பிறகே புது ஊசி கிடைக்கும். ஒரு துணுக்கு குறைந்தாலும் பக்கத்திலுள்ள பீஸ்கள் மெட்டல் டிடெக்டருக்குப் போகும். அந்தச் சட்டையைப் போடப்போகும் குழந்தையின் உடம்பில் அது கீறிவிடக் கூடாது என்று பையர், அதாவது சட்டைகளை வாங்கும் வெளிநாட்டு நிறுவனம், கேட்டு வாங்கிய ஏற்பாடு இது, நியாயமானதுதான். ஆனால் அதே ஊசி டெய்லரின் நகத்தைத் துளைத்து உடைந்திருந்தால், பதிவேட்டில் ஊசி ஏறும், விரல் ஏறாது.

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 88ஆம் பிரிவில், 48 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்ய முடியாமல் ஆக்கும் காயத்தைத்தான் தெரிவிக்கச் சொன்னது; 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த தொழில் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் அதே 48 மணி நேரக் கணக்குத்தான். ஊசி குத்தியவரோ மருந்து வைத்துத் துணியைச் சுற்றிக்கொண்டு உடனே லைனுக்குத் திரும்பிவிடுகிறார். பீஸ் ரேட்டில் தைப்பவருக்குச் சும்மா உட்காரும் நேரத்துக்குக் கூலி கிடையாது. இப்படி வெறுமையாகக் கிடக்கும் விபத்துத் தாளை வைத்து எழுதப்படும் அபாய மதிப்பீட்டை நான் மதிப்பீடாகவே எண்ணுவதில்லை.

ஊசிக்கு அடியில் விரல் போகாமல் மறிக்கும் விரல் தடுப்பை டெய்லரே கழற்றிவிடுகிறார், அலட்சியம் என்பார்கள். நூல் அறுந்து மறுபடி கோர்க்கும்போதெல்லாம் அது கைக்கு இடைஞ்சல் என்பதால்தான் கழற்றுகிறார். அப்படியானால் நூல் ஏன் அடிக்கடி அறுகிறது என்று பார்க்க வேண்டும்: மழுங்கிய ஊசியா, இறுக்கம் சரியில்லையா, மலிவான நூலா? அதைச் சரிசெய்தால் தடுப்பு இருந்த இடத்திலேயே இருக்கும். துணியை அடுக்கி வெட்டும் கட்டிங் மாஸ்டரின் கம்பிவலைக் கையுறையும் அப்படித்தான். எல்லாக் கைக்கும் ஒரே அளவில் வாங்கினால், துணி அடுக்கின் ஓரத்தைப் பிடிக்க முடியாமல் அவர் அதைக் கழற்றி வைத்துவிட்டு பையரின் ஆள் சோதிக்க வரும் ஆடிட் அன்று மட்டும் மாட்டிக்கொள்கிறார்.

வங்கதேசத்தில் 2012இல் தஸ்ரீன் ஆடைத் தொழிற்சாலைத் தீயில் நூற்றுக்கும் மேற்பட்டோரும், 2013இல் ஆடைத் தொழிற்சாலைகள் இருந்த ரானா பிளாசா கட்டடம் இடிந்து ஆயிரத்து நூறுக்கும் மேற்பட்டோரும் மாண்ட பிறகு, வெளியேறும் கதவுகளையும் கட்டட உறுதியையும் பற்றிய கேள்விகள் கூடின. அவசியம்தான், ஷிப்மென்ட் வாரத்தில் வெளியேறும் வழியைக் காட்டும் மஞ்சள் கோட்டுக்குள் அடுக்கப்படும் பண்டல்களை யார் நகர்த்துவது என்பது வேறு கதை.

நான் கேட்பது பெரிய செலவு அல்ல. ஊசிப் பதிவேட்டிலேயே இன்னொரு கட்டம் போடுங்கள்: கை பட்டதா, எந்த விரல், எத்தனை மணிக்கு, தடுப்பு இருந்ததா. எந்த மிஷின் கடிக்கிறது, பன்னிரண்டு மணி நேரம் நீளும் ஒன்றரை ஷிப்டின் எந்த நேரத்தில் கடிக்கிறது என்பது சில மாதங்களில் தெரிந்துவிடும். எழுதுபவர் உற்பத்தி இலக்கைச் சுமக்கும் சூப்பர்வைசராக இருக்கக் கூடாது. ஊசி கொடுப்பவரே எழுதட்டும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்களிடம் அவர்கள் மொழியிலேயே கேட்க வேண்டும். சொன்னவருக்கு வசவோ கூலிப் பிடித்தமோ வரக் கூடாது; வந்தால் அடுத்த நாளே அந்தக் கட்டம் காலியாகிவிடும். ஊசித் துண்டுகளை எண்ணிப் பார்க்கும் பையரின் ஆடிட்டர், அதே பக்கத்தில் இந்தக் கட்டத்தையும் படிக்கட்டும்.