உலக அளவில், தட்டு அளவில்

அக்கா: என்ன சார், பாதியிலேயே விட்டுவிட்டீர்கள்?

சார்: என்ன செய்வது அம்மா, தலைவர் மணியை அடித்துவிட்டாரே.

அக்கா: சாப்பிடுவதற்குமா மணி?

சார்: சாப்பாடா? நான் என் உரையைச் சொல்கிறேன். 30 நிமிடம் என்று சொல்லித்தான் கூப்பிட்டார்கள். 15ஆவது நிமிடத்தில் மணி. பசியை முடித்தேன், வறுமையை முடிக்க முடியவில்லை.

அக்கா: அதை இதுவரை யாரும் முடிக்கவில்லை சார். நான் தட்டைச் சொன்னேன்.

சார்: ஓ, இதுவா? போதும், எடுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா: இந்தப் பக்கம் கிளறியிருக்கிறீர்கள். அந்தப் பக்கம் கை படவே இல்லை. நடுவில் கோடு போட்ட மாதிரி இருக்கிறது.

சார்: கோடு என்றதும் ஞாபகம் வருகிறது. மணி அடித்ததால் சொல்லாமல் விட்டது அதுதான். வறுமைக்கோடு முன்பு ஒரு நாளைக்கு 2.15 டாலர். 2025 ஜூனில் உலக வங்கி அதை 3 டாலராக உயர்த்தியது.

அக்கா: ஏழைகளுக்கு 85 சென்ட் கூடக் கொடுத்தார்களா?

சார்: கொடுக்கவில்லை. கோட்டை மட்டும் உயர்த்தினார்கள். பல நாடுகளில் வாழ்க்கைச் செலவைப் புதிதாகக் கணக்கெடுத்ததில் பழைய கோடு போதாது என்று தெரிந்தது.

அக்கா: அப்புறம்?

சார்: கோட்டுக்குக் கீழே புதிதாக 12 கோடிப் பேருக்கு மேல் வந்துவிட்டார்கள்.

அக்கா: ராத்திரி படுக்கும்போது ஏழை இல்லை, காலையில் எழுந்தால் ஏழை. அவர்களிடம் யாராவது சொன்னார்களா?

சார்: அது உலக அளவில் எடுக்கிற கணக்கு அம்மா. தனித்தனியாகப் போய்ச் சொல்ல மாட்டார்கள்.

அக்கா: சரி. இந்தத் தட்டு எந்த அளவில் வரும்?

(அக்கா தட்டு வாங்கும் வரிசையில் சாருக்கு அடுத்து நின்றது நான். என் தட்டில் இரண்டு இனிப்புகள் மீதம் இருந்தன. ஒன்றை அவசரமாக வாயில் போட்டுக்கொண்டேன்.)

சார்: நீங்கள் ஒரு தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். நான் சொல்வதைக் கேளுங்கள். 2022இல் மட்டும் உலகத்தில் 105 கோடி டன் உணவு வீணாகியிருக்கிறது. வீடு, உணவகம், கடை மூன்றும் சேர்த்து. விளைந்த இடத்திலிருந்து வரும் வழியில் கெட்டுப்போனது இதில் சேராது.

அக்கா: இந்த வாளி சேருமா?

சார்: உலக அளவில் சேரும்.

அக்கா: எனக்கு டன் கணக்கு வராது. வாளிக் கணக்குதான் வரும். போன வாரம் இதே கூடத்தில் பங்குச் சந்தைக்காரர்கள் கூட்டம். இரண்டு வாளி. இன்றைக்குப் பசி பற்றிக் கூட்டம். இதோ நிரம்பப்போவது நான்காவது.

சார்: அது தற்செயலாக இருக்கும். ஒரு கூட்டத்தை வைத்து முடிவுக்கு வரக் கூடாது. எதற்கும் தரவு வேண்டும்.

அக்கா: யாருக்கு என்ன தர வேண்டும்?

சார்: தர வேண்டும் இல்லை. தரவு வேண்டும்.

அக்கா: அதானே, தருகிற பேச்சாக இருந்தால் மணி அடித்திருக்க மாட்டார்களே.

சார்: புள்ளிவிவரத்தைச் சொல்கிறேன்.

அக்கா: வருஷக் கணக்கே இருக்கிறது சார். அக்டோபர் வந்தால் எனக்கு இடுப்பு ஒடிந்துவிடும். ஒன்று மாற்றி ஒன்று கூட்டம். ஏன் அந்த மாதம் மட்டும் அப்படி?

சார்: ஐ.நா. அறிவித்த நாட்கள் அம்மா. செப்டம்பர் 29 உணவு வீணாவதைப் பற்றிய விழிப்புணர்வு நாள். அக்டோபர் 11 பெண் குழந்தைகள் நாள். 16 உலக உணவு நாள். 17 வறுமை ஒழிப்பு நாள்.

அக்கா: 16 சாப்பாட்டுக்கு, 17 வறுமைக்கு. முதல் நாள் சாப்பிட்டது செரிப்பதற்குள் மறுநாள் வறுமைக்கு உட்காருகிறீர்கள். நடுவில் ஒரு நாள் விட்டிருக்கலாம்.

சார்: நீங்கள் கேலி செய்கிறீர்கள்.

அக்கா: இல்லை சார். வீணாக்கக் கூடாது என்கிற நாளை முதலில் வைத்துவிட்டு, சாப்பாட்டு நாளை அப்புறம் வைத்திருக்கிறார்களே, அந்த ஒழுங்கு எனக்குப் பிடித்திருக்கிறது. நடப்பில்தான் தலைகீழ்.

சார்: பிரச்சினையின் பரிமாணம் உங்களுக்குப் புரியவில்லை. 2024இல் பசியோடு இருந்தவர்கள் சுமார் 67 கோடி பேர். வீடுகளில் மட்டும் ஒரு நாளைக்கு 100 கோடி வேளைச் சாப்பாட்டுக்கும் மேல் குப்பைக்குப் போகிறது.

அக்கா: ஒரு நாளைக்கா?

சார்: ஒரு நாளைக்கு.

அக்கா: 67 கோடி பேருக்கு ஆளுக்கு ஒரு வேளை கொடுத்தால்கூட 33 கோடி மிஞ்சுகிறதே. அந்த 33ஐ உங்களுக்குக் கொடுத்தால் நீங்கள் பாதி பாதி வைத்துவிடலாம்.

சார்: அப்படிக் கழித்துப் பார்க்கக் கூடாது. இங்கே மிஞ்சுவதை அங்கே அனுப்ப முடியுமா? உலகத்தில் உணவு இல்லாததால் யாரும் பட்டினி கிடக்கவில்லை. வாங்க வழி இல்லாததால் கிடக்கிறார்கள். 1943இல் வங்கத்தில் அவ்வளவு பேர் செத்தார்களே, அதை ஆராய்ந்துதான் பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென் சொன்னார். சந்தையில் தானியம் இருந்தது. கூலிக்காரர் கையில் அதை வாங்கும் காசு இல்லை.

அக்கா: கடையில் இருக்கும், கையில் இருக்காது. இதைக் கண்டுபிடிக்கவா ஆராய்ச்சி?

சார்: 1998இல் நோபல் பரிசு வாங்கியவர் அம்மா அவர்.

அக்கா: நல்ல மனிதராக இருக்க வேண்டும். இவ்வளவு படித்த பிறகும் புரிந்திருக்கிறதே.

(சாரை நான் குறை சொல்ல வரவில்லை. அவர் சொன்ன எண்கள் எல்லாம் சரியானவை. அதுதான் எனக்கு எரிச்சல். தப்பாகச் சொல்லியிருந்தால் திருத்திவிட்டு நிம்மதியாகக் கை கழுவப் போயிருப்பேன். சரியான எண்களை இடது கையால் எண்ணிக்கொண்டே வலது கையால் தட்டை நீட்டுகிறார்.)

சார்: சில நாடுகள் வழி கண்டுபிடித்திருக்கின்றன. பிரான்சில் 2016 முதல் சட்டம் இருக்கிறது. விற்காமல் மிஞ்சிய நல்ல உணவைப் பெரிய கடைகள் அழிக்கக் கூடாது. தொண்டு நிறுவனங்களுக்குக் கொடுக்க வேண்டும். தென்கொரியாவில் குடியிருப்புகளிலேயே எடை போடுகிற குப்பைத் தொட்டி வைத்திருக்கிறார்கள். எவ்வளவு கொட்டுகிறோமோ அவ்வளவுக்குக் கட்டணம்.

அக்கா: கொட்டுகிறவரா கொடுக்க வேண்டும்?

சார்: ஆமாம்.

அக்கா: காசு, குப்பை எடுக்கிறவளுக்கா?

சார்: இல்லை, நகராட்சிக்கு.

அக்கா: அதானே பார்த்தேன். பரவாயில்லை, எடை போடுகிற யோசனை நல்லதுதான். இங்கே வைத்தால் உங்கள் தட்டு எவ்வளவு வரும்?

சார்: மறுபடியும் தட்டுக்கு வந்துவிட்டீர்கள்! இந்த மாதிரி இடங்களில் வீணாவது மொத்தத்தில் 28 சதவீதம்தான் அம்மா. கடைகளில் 12. வீடுகளில்தான் 60 சதவீதம். நியாயமாகப் பார்த்தால் நீங்கள் வீடுகளைத்தான் கேட்க வேண்டும்.

அக்கா: நீங்கள் இங்கேயேதான் குடியிருக்கிறீர்களா?

சார்: இல்லையே, ஏன்?

அக்கா: அப்போது அந்த 60லும் நீங்கள் உண்டு.

(இரண்டாவது இனிப்பையும் போட்டுக்கொண்டேன். எனக்கு இனிப்பே ஆகாது.)

சார்: சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதற்கெல்லாம் அடிப்படைத் தீர்வு ஒன்றுதான். பெண் குழந்தைகளின் கல்வி. ஒரு பெண் படித்தால் திருமண வயது தள்ளிப்போகிறது, பிறக்கிற குழந்தை பிழைக்கிறது, குடும்ப வருமானம் கூடுகிறது. இதை உலகம் முழுக்கப் பார்த்துவிட்டார்கள். நாளைக் காலை என் உரையே அதைப் பற்றித்தான்.

அக்கா: அதுவும் 30 நிமிடமா?

சார்: 20. உலக அளவில் பள்ளிக்கு வெளியே இருக்கும் பெண் பிள்ளைகள் 12 கோடிக்கு மேல்.

அக்கா: ஏன் போகவில்லையாம்?

சார்: பல காரணங்கள். ஆப்கானிஸ்தானில் 2021 முதல் ஆறாம் வகுப்புக்கு மேல் பெண்கள் படிக்கவே கூடாது. கதவையே பூட்டிவிட்டார்கள்.

அக்கா: அது தெரிந்த பூட்டு. திறக்கச் சொல்லிச் சண்டை போடலாம். கதவு திறந்திருக்கும் இடத்தில் ஏன் போகவில்லை?

சார்: பள்ளி தூரமாக இருக்கும். செலவு இருக்கும். சீக்கிரமே கட்டிக்கொடுத்துவிடுவார்கள். மதியம் சாப்பாடு போடுகிற பள்ளி என்றால் அனுப்புகிறார்கள். உலகத்தில் 46 கோடிக்கு மேற்பட்ட பிள்ளைகள் பள்ளியில் சாப்பிடுகிறார்கள்.

அக்கா: அந்தத் தட்டுகளை எடுக்கிற வேலை கிடைத்தால் சொல்லுங்கள் சார். வாளியே தேவைப்படாது.

சார்: வங்கதேசத்தில் 1994 முதல் உயர்நிலைப் பள்ளிக்கு வருகிற பெண்களுக்கு உதவித்தொகை கொடுத்தார்கள். 75 சதவீத வருகை இருக்க வேண்டும், கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது.

அக்கா: பிள்ளையின் பெயரிலேயேவா காசு?

சார்: பிள்ளையின் பெயரிலேயே.

அக்கா: இது பேச்சு. இதை முதலில் சொல்லியிருந்தால் தட்டை அப்போதே வாங்கியிருப்பேன்.

(இங்கே அக்கா ஒரு நிமிடம் வாளியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். வரிசையில் எட்டுப் பேர் சேர்ந்துவிட்டோம். யாருக்கும் அவசரம் இல்லை.)

சார்: இன்னொரு முக்கியமான காரணம் வீட்டு வேலை. இது என் உரையின் உச்சம், நாளைக்குக் கைத்தட்டல் வாங்கப்போகிற இடம். 5 வயது முதல் 14 வயது வரை உள்ள பெண் பிள்ளைகள், அதே வயது ஆண் பிள்ளைகளைவிட ஒரு நாளைக்கு மொத்தமாக 16 கோடி மணி நேரம் கூடுதலாக வீட்டு வேலை செய்கிறார்கள். யுனிசெஃப் 2016இல் போட்ட கணக்கு. தண்ணீர் எடுப்பது, விறகு பொறுக்குவது, பாத்திரம் கழுவுவது...

அக்கா: பாத்திரம் கழுவி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும்.

சார்: எந்த மணி?

அக்கா: பள்ளிக்கூட மணி. உங்கள் தலைவர் 15 நிமிடம் முன்னால் அடித்ததற்கே உங்களுக்கு இவ்வளவு கோபம் வருகிறது.

சார்: நல்ல வரி அம்மா இது. நாளைக்குப் பயன்படுத்திக்கொள்ளலாமா?

அக்கா: எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று கேட்கிறேன், கோபிக்காதீர்கள். வீட்டில் சாப்பிட்டுவிட்டு இந்தத் தட்டை எங்கே வைப்பீர்கள்?

சார்: மேசையிலேயே வைத்துவிட்டு எழுந்துவிடுவேன்.

அக்கா: அது நடந்து போய்க் கழுவுகிற இடத்தில் இறங்குமா?

சார்: மகள் எடுத்துவிடுவாள்.

அக்கா: என்ன வயது?

சார்: 13. நன்றாகப் படிக்கிறாள். வகுப்பில் முதல்.

அக்கா: மகன் இல்லையா?

சார்: இருக்கிறான். 14. அவனுக்குப் படிப்பு கொஞ்சம் சுமார். அதனால் நாங்கள் அவனைத் தொந்தரவு செய்வதில்லை.

அக்கா: நன்றாகப் படிக்கிறவள் தட்டு எடுக்கிறாள். படிக்காதவனுக்குப் படிக்க நேரம் கொடுத்திருக்கிறீர்கள்.

சார்: அப்படி இல்லை, அது... ஒரு அரை மணி நேரம்தான் அம்மா.

அக்கா: அந்த 16 கோடியில் இந்த அரை மணியைச் சேர்த்தாயிற்றா, இனிமேல்தான் சேர்க்க வேண்டுமா?

சார்: அது உலக...

அக்கா: சொல்லுங்கள்.

சார்: உலக...

(என்ன ஆனாலும் சரி, 'அளவில்' என்ற சொல் அன்று அவர் வாயிலிருந்து வரவில்லை. நாளை வருமா, தெரியாது. 20 நிமிடம் கொடுத்திருக்கிறார்கள்.)

அக்கா: கொடுங்கள் சார், வரிசை நீண்டுவிட்டது.

சார்: இல்லை, இருங்கள். முடித்துவிட்டே கொடுக்கிறேன்.

அக்கா: ஆறிப்போயிருக்கும்.

சார்: பரவாயில்லை. அம்மா, ஒரு கரண்டி கிடைக்குமா? வரிசையில் நிற்பவர்கள் எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள்.

அக்கா: உலக அளவில் பார்க்கவில்லை. எட்டுப் பேர்தான்.

சார்: ஒரு நிமிடம், போன் அடிக்கிறது... சொல்லுடா கண்ணு. கூட்டம் முடிந்துவிட்டது. எனக்கு எதுவும் எடுத்து வைக்க வேண்டாம். இல்லை, நீ காத்திருக்காதே, படி. அண்ணனா? தூங்கிவிட்டானா? சரி, தூங்கட்டும்... இல்லை இல்லை, அவனை எழுப்பு. எதற்கா? வந்து சொல்கிறேன். ஆமாம் கண்ணு, அப்பா சாப்பிட்டுவிட்டேன்.

அக்கா: பாதி.