உண்ணியைத் தீக்குச்சியால் சுடாதீர்கள்

"வசந்தகால வேட்டைக்குப் போகிறவர்கள் கவனிக்க: உண்ணி கடித்தால் தீக்குச்சியை அணைத்த சூட்டோடு அதன் முதுகில் வையுங்கள், இல்லையென்றால் வாஸ்லின் தடவுங்கள், தானாக விழுந்துவிடும்" என்று ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

உண்ணி சும்மா ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. பின்னோக்கிய முட்கள் கொண்ட வாய்க்குழலைத் தோலுக்குள் இறக்கியிருக்கும். பல இனங்கள் பசை போல ஒன்றைச் சுரந்து அதை இறுக்கியும் வைக்கும். சூடு பட்டதும் சட்டென்று விட்டு வர அதனால் முடியாது. மாறாக, உமிழ்நீரைக் காயத்துக்குள் கக்கலாம்; கிருமி இருந்தால் அதுவும் கூடவே இறங்கும். உங்கள் தோல் வெந்துபோவது தனி. வாஸ்லின் தடவிக் காத்திருந்தால் நேரம்தான் போகும். உண்ணி பரப்பும் லைம் நோயின் கிருமி உடலில் ஏறப் பெரும்பாலும் 24 மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பதால், சீக்கிரம் எடுப்பதுதான் முக்கியம்.

சரி, எப்படி எடுப்பது? நுனி மெல்லிய இடுக்கியால், வயிற்றை நசுக்காமல், தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக, நிதானமாக இழுங்கள். அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அடுத்த சில வாரங்களில் காய்ச்சலோ தடிப்போ வந்தால், உண்ணி கடித்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

கிளம்பும் முன்பே உடையில் 0.5 சதவீதப் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லியைத் தெளித்துக் காயவைப்பது நல்லது. அது துணிக்கு மட்டும், தோலுக்கு டீட் என்ற பூச்சிவிரட்டி.