டெல்கமூக் தீர்ப்பு நிலத்தைக் கொடுக்கவில்லை

1997இல் டெல்கமூக் வழக்கில் கனடா உச்ச நீதிமன்றம் கிட்சான், வெட்சுவெட்டன் என்ற பழங்குடி மக்களுக்கு 58,000 சதுர கிலோமீட்டர் நிலத்தைச் சொந்தமாக்கியது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படி இல்லை. வழக்கைப் புதிதாக விசாரிக்கச் சொன்னது, அவ்வளவுதான்.

குழப்பம் வருவதில் வியப்பில்லை, தீர்ப்பு பெரியதுதான். சிம்சியன் மொழிக்குடும்பத்தைச் சேர்ந்த கிட்சான் மக்களின் ஒவ்வொரு குலவீடும் தன் நிலவுரிமைக்குச் சான்றாகப் பேணிவரும் 'அடாவ்க்' வாய்மொழி வரலாறுகளுக்கு 1991இல் விசாரணை நீதிபதி தனி மதிப்புத் தரவில்லை. அது தவறு, எழுத்து ஆவணங்களுக்கு இணையாக அவற்றை எடைபோட வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம்.

சரிபார்ப்பது எளிது. முழுத் தீர்ப்பும் நீதிமன்றத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. தலைமை நீதிபதி லமேர் எழுதிய பகுதியில் 184ஆம் பத்தியைப் பாருங்கள்: தயக்கத்தோடுதான் மறுவிசாரணைக்கு உத்தரவிடுவதாக அவரே சொல்கிறார். பழங்குடி நிலவுரிமையை அந்த நீதிமன்றம் முதன்முதலில் உறுதிசெய்து அறிவித்தது 2014இல், ‘சில்கோட்டின்’ என்ற இன்னொரு பழங்குடி மக்களின் வழக்கில்.