கால்பேக் மாறவில்லை என்று சொல்லிவிட முடியாது
பிஎச்பி நிரல்மொழியின் 7-ஆம் பதிப்பிலிருந்து 8-க்குப் போகும்போது கால்பேக் (இன்னொரு செயற்கூறு அழைப்பதற்காகக் கொடுக்கப்படும் செயற்கூறு) பகுதிகளைத் தொடவே வேண்டாம் என்று இந்தக் கட்டுரை சொல்கிறது. இதை ஏற்க முடியவில்லை. ஒரு கால்பேக்கை, அர்ரேயில் (மதிப்புகளின் பட்டியல்) உள்ள மதிப்புகளைக் கொடுத்து அழைக்கும் கால்_யூசர்_ஃபங்க்_அர்ரே-வுக்கு (call_user_func_array), ஒவ்வொரு மதிப்புக்கும் பெயர்ச் சாவி உள்ள அர்ரேயைக் கொடுத்துப் பாருங்கள். 7-இல் அது சாவிகளைக் கண்டுகொள்ளாது, மதிப்புகளை வரிசைப்படி அனுப்பிவிடும். 8.0-இல் அதே சாவிகள் அளவுருக்களின் (கால்பேக் வாங்கிக்கொள்ளும் உள்ளீடுகளின்) பெயர்களாக எடுத்துக்கொள்ளப்படுகின்றன. பெயர் பொருந்தாவிட்டால் பிழை வந்து நிரல் நின்றுவிடும். அதுகூடப் பரவாயில்லை, உடனே கண்ணில் படும். பெயர்கள் பொருந்தி, வரிசை மட்டும் வேறாக இருந்தால்தான் உண்மையான ஆபத்து. மதிப்புகள் சத்தமில்லாமல் இடம் மாறிப் போகும், ஓர் எச்சரிக்கைகூட வராது! பயனர் பெயரும் மின்னஞ்சலும் இப்படி மாறிப் பதிவானால் எப்போது கண்டுபிடிப்பது?

சாவிகளை நீக்கி மதிப்புகளை மட்டும் தரும் அர்ரே_வேல்யூஸ் (array_values) வழியாக அனுப்பினால் இரண்டு பதிப்பிலும் ஒரே மாதிரி நடக்கும். பழைய நிரல் நூலகங்களுக்குள்ளும் கால்_யூசர்_ஃபங்க்_அர்ரே அழைப்பு ஒளிந்திருக்கலாம், அங்கேயும் தேடுங்கள்.

அப்புறம், நாம் கொடுக்கும் கால்பேக்கைக் கொண்டு அர்ரேயை வரிசைப்படுத்தும் யூசார்ட் (usort). ஒப்பிடும் கால்பேக் ட்ரூ, ஃபால்ஸ் என்று திருப்பித் தந்தால் 8-இல் டெப்ரிகேட்டட் (இந்த முறையைக் கைவிடுங்கள் என்ற) அறிவிப்பு வரும். எதிர்ம எண், பூஜ்யம், நேர்ம எண் என்றுதான் தர வேண்டும். தயவுசெய்து கால்பேக்கைத் தொட வேண்டாம் என்ற கட்டுரையின் அந்த வரியைத் திருத்துங்கள், புதியவர்கள் அதை நம்பி மாற்றத்தில் இறங்குவார்கள்.