பாட்டு முடியுமுன்னே பங்கைப் பேசுங்கள்

இணையத்தில் சேர்ந்து பாட்டுப் பண்ணும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். "நமக்குள்ள என்னங்க அக்ரிமெண்ட்?" என்ற பேச்சைத் தயவுசெய்து விடுங்கள். ட்யூன் ஒருவர், வரி ஒருவர், குரல் இன்னொருவர், பதிவான ஒலிகளைச் சேர்த்துச் சமன் செய்யும் மிக்ஸிங் முகமே பார்த்திராத நாலாவது ஆள் என்று வேலை நடக்கும்போது, பங்கு பேசத் தோதான நேரம் பாட்டு டெமோவாகக் கிடக்கும் நேரம்தான். அப்போது அதில் காசு இல்லை, அதனால் எல்லோரும் தாராளமாக இருப்போம். பாட்டு ஓட ஆரம்பித்த பிறகு பேசிப் பாருங்கள், தன் வேலைதான் பாட்டைத் தூக்கி நிறுத்தியது என்று ஒவ்வொருவருக்கும் தோன்றும். கெட்ட எண்ணத்தால் அல்ல, மனசு அப்படித்தான் கணக்குப் போடும்.

பேச உட்காருமுன் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். ஒரு பாட்டுக்குள் இரண்டு சொத்து இருக்கிறது. மெட்டும் வரியும் சேர்ந்த பாடல் ஒன்று. அதைப் பாடி வாசித்துப் பதிவு செய்த ஒலிப்பதிவு, மாஸ்டர் என்கிறோமே, அது இன்னொன்று. நாளைக்கு வேறொருவர் அதே பாட்டைக் கவராகப் பாடி வெளியிட்டால், மெட்டமைத்தவருக்கும் எழுதியவருக்கும் பணம் வர வேண்டும். உங்கள் பதிவில் பாடியவருக்கு அதில் பங்கு கிடையாது. ஸ்ட்ரீமிங்கில் மாஸ்டர் பக்கத்துப் பணம், பாட்டைத் தளங்களில் ஏற்றித் தரும் டிஸ்ட்ரிபியூட்டர் வழியாக வருகிறது. பாடல் பக்கத்து ராயல்டி பெரும்பாலும் அதை வசூலித்துக் கொடுக்கும் உரிமைச் சங்கங்கள் வழியாக வருகிறது, அங்கே பாடலைப் பதிந்திருந்தால்தான். "ஆளுக்குப் பாதி" என்று சொல்லிக்கொள்கிறவர்கள் எதில் பாதி என்று சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். சண்டைக்கு அதுவே போதும்.

ட்யூன் யாருடையது என்பதும் நினைப்பதுபோல் எளிதில்லை. ஒருவர் பல்லவியை ஹம் பண்ணி வாய்ஸ் நோட்டாக அனுப்புகிறார். கீபோர்டு வாசிப்பவர் கார்டு, அதாவது சேர்ந்தொலிக்கும் ஸ்வரங்கள், போட்டு, பல்லவி முடிகிற இடத்தில் நாலு ஸ்வரத்தில் ஒரு சின்ன பிட் சேர்த்துத் திருப்பி அனுப்புகிறார். பாடுகிறவருக்கு அது பிடித்துப்போய் அதையே ஹம்மிங்காகப் பாடி வைக்கிறார். கடைசியில் கேட்கிறவர்கள் முணுமுணுப்பது அந்த நாலு ஸ்வரத்தைத்தான். என்னைக் கேட்டால் கீபோர்டுக்காரருக்கும் இசையமைப்பாளர் என்ற பெயரும் பங்கும் போக வேண்டும். மிக்ஸிங் செய்தவரின் கணக்கு வேறு. அவருக்கு ஒரே தடவைக் கூலியோ, மாஸ்டரில் ஒரு சதவீதமோ, பேசியபடி கொடுக்கலாம். பாடலில் பங்கு தேவையில்லை என்பது என் கட்சி. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் அதையும் முதலிலேயே சொல்லிவிட்டால் பிரச்சினை இல்லை. சொல்லாமல் மனசுக்குள் வைத்துக்கொள்வதுதான் ஆபத்து.

கூட்டாளிகள் வேறு வேறு நாட்டில் இருந்தால் இது இன்னும் முக்கியம். அமெரிக்கச் சட்டப்படி, வேறு ஏற்பாடு இல்லாதபோது கூட்டுப் படைப்பில் சம பங்கு என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். கூட்டாளிகளில் ஒருவர் மற்றவர்களைக் கேட்காமலே தனியுரிமை அல்லாத லைசென்ஸ், அதாவது ஒருவருக்கு மட்டும் என்று கட்டுப்படாத அனுமதி, கொடுத்துவிடலாம், வந்த பணத்தைப் பங்கிட்டால் சரி. பிரிட்டனில் அப்படி முடியாது, எல்லோரும் சம்மதிக்க வேண்டும். ஒரே பாட்டு, ஆனால் ஆளுக்கொரு விதி. எழுதி வைத்த ஒரு பக்கம்தான் இதற்கு மருந்து.

இணையத்தில் பீட், அதாவது மேலே பாடிக்கொள்ளத் தயாராக இருக்கும் பின்னணி இசை, வாங்குகிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். லில் நாஸ் எக்ஸ் பாடிய 'ஓல்ட் டவுன் ரோட்' 2019-ல் அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பாட்டுப் பட்டியலில் 19 வாரம் முதலிடத்தில் இருந்தது. அதன் பீட் நெதர்லாந்தில் யங்கியோ என்ற இளைஞர் செய்தது, இணையத்தில் 30 டாலருக்கு வாங்கியது. அந்த பீட்டுக்குள் நைன் இன்ச் நெயில்ஸ் என்ற இசைக்குழுவின் ஒரு துண்டு இருந்தது. அதனால் அந்தக் குழுவின் டிரென்ட் ரெஸ்னருக்கும் அட்டிகஸ் ராஸுக்கும் பாடலாசிரியர்களாகவும் தயாரிப்பாளர்களாகவும் பெயர் போனது. நீங்கள் வாங்குகிற பீட்டுக்குள் யாருடைய இசை இருக்கிறது என்று விற்கிறவரிடம் நேராகக் கேளுங்கள். லீசுக்கு எடுத்த பீட்டை அவர் இன்னும் பலருக்கும் விற்கலாம். அந்தப் பாட்டை, யார் வீடியோவில் வந்தாலும் கண்டுபிடித்து உரிமை கோரும் (கிளெய்ம் போடும்) யூடியூபின் கன்டென்ட் ஐடியில் போடவும் முடியாது, அதற்கு உரிமை உங்களுக்கு மட்டுமே இருக்க வேண்டும். மீறிப் போட்டால் அதே பீட்டை முறையாக வாங்கிய இன்னொருவரின் வீடியோ மேல் உங்கள் பெயரில் கிளெய்ம் விழும். பாவம், அவர் செய்த தப்பு என்ன?

இப்போது எனக்கு மிகவும் கோபம் வருகிற இடத்துக்கு வருகிறேன். அப்லோடு செய்கிறவரின் அக்கவுண்ட். அது யார் பெயரில் இருக்கிறதோ, அவர்தான் நடைமுறையில் பாட்டின் சொந்தக்காரர். பணம் அவருக்கு வரும், திருத்தம் அவர்தான் செய்ய முடியும், பாட்டைத் தளத்திலிருந்து எடுக்கவும் அவரால் முடியும். எனக்குத் தெரிந்த ஒருவர் எழுதிய பாட்டு, பாடலாசிரியர் என்ற கட்டம் காலியாகவே எல்லாத் தளங்களிலும் ஏறியது. கேட்டால் "அவசரத்துல விட்டுப்போச்சு" என்றார்கள். இன்றுவரை திருத்தவில்லை. ஒரு நிமிட வேலை, ஆனால் அந்த ஒரு நிமிடம் அவர் கையில் இல்லை. இதைப் பார்த்துவிட்டு 'பெயர்தானே' என்று யாராவது சொன்னால் எனக்குத் தாங்காது. அடுத்த வாய்ப்பு எழுதுகிறவருக்கு அந்தப் பெயரைப் பார்த்துத்தான் வருகிறது.

அதனால் அப்லோடு பட்டனை அழுத்துமுன் கிரெடிட் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து எல்லோருக்கும் அனுப்பச் சொல்லுங்கள். பங்கைத் தானாகப் பிரித்து அனுப்பும் வசதி சில டிஸ்ட்ரிபியூட்டர்களிடம் இருக்கிறது, இருந்தால் அன்றைக்கே போட்டுவிடுங்கள். ஒலிப்பதிவுக்குக் கொடுக்கும் 12 எழுத்து அடையாள எண்ணான ஐஎஸ்ஆர்சி எண்ணையும் எல்லோரும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் டிஸ்ட்ரிபியூட்டரை மாற்றினால் பழைய கேட்பு எண்ணிக்கை தொடர அதே எண் வேண்டும்.

விற்பனை பற்றி ஒன்று. விளம்பரத்துக்கோ படத்துக்கோ பாட்டைக் கேட்கிறவர்கள் பாடல், மாஸ்டர் இரண்டின் உரிமையையும் கேட்பார்கள், பெரும்பாலும் உடனே வேண்டும் என்பார்கள். ஒரு கூட்டாளி போன் எடுக்கவில்லை என்றால் வாய்ப்பு போய்விடும். எல்லோருக்கும் சேர்த்து யார் கையெழுத்துப் போடலாம், எந்த மாதிரி விளம்பரத்துக்குக் கொடுக்கவே கூடாது என்பதை அந்த ஒரு பக்கத்திலேயே எழுதுங்கள். பாட்டு பாதியில் நின்றுபோனால் அவரவர் ட்யூனும் வரியும் அவரவருக்கே திரும்பும் என்றும் ஒரு வரி சேருங்கள். பலரும் மறப்பது இதைத்தான். யாரும் முடிக்காமல், யாரும் விடாமல் எத்தனை நல்ல பல்லவிகள் சும்மா கிடக்கின்றன!

கடைசியாக, அந்தப் பக்கத்தில் மேடைப் பெயரோடு சட்டப்படியான முழுப் பெயரையும் எழுதுங்கள். பதிப்புரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் உள்ள நாடுகளில் கூட்டுப் பாடலின் உரிமை, கூட்டாளிகளில் கடைசியாக இருந்தவர் இறந்து குறைந்தது 50 ஆண்டு வரை நிற்கும். பங்கைக் கேட்டு வரப்போவது உங்கள் பேரப்பிள்ளைகளாகவும் இருக்கலாம். அவர்கள் கையில் மேடைப் பெயர் மட்டும் இருந்தால் எதையும் நிரூபிக்க முடியாது.