ரோனாவும் ரஜூலாவும்

உங்கள் கட்டுரையில் ரோனா கப்பலை 'பிரிட்டிஷ் துருப்புக் கப்பல்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். 1926-ல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் போருக்கு முன்னால் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று நம்மவர்களை ஏற்றிக்கொண்டு ஓடியது. பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் கப்பல். ரஜூலா என்ற இன்னொரு கப்பலின் கூடப்பிறப்பு.

போரில் துருப்புக் கப்பலானது. 1943 நவம்பர் 26 மாலை, அல்ஜீரியக் கரைக்கு அப்பால் ஜெர்மன் விமானம் ஒன்று ரேடியோவால் இயக்கும் குண்டை ஏவி அதை மூழ்கடித்தது. செத்தவர்கள் 1,100-க்கும் மேல். அதில் 1,015 பேர் அமெரிக்கச் சிப்பாய்கள். பல படகுகளை இறக்கவே முடியவில்லை. மிதப்பதற்காக இடுப்பில் கட்டிய காற்றுப் பட்டை சிலரைத் தலைகுப்புறக் கவிழ்த்துவிட்டதாம். அக்குளுக்குக் கீழே கட்டியிருக்க வேண்டியது, யாரும் ஒழுங்காகச் சொல்லித்தரவில்லை. ஆயுதத்தின் ரகசியம் என்று அமெரிக்கா வெகுகாலம் வாயே திறக்கவில்லை.

அமெரிக்கர்களின் கணக்கை எல்லாரும் எழுதுகிறார்கள். கூடவே செத்த நூற்றுக்கும் மேற்பட்ட கப்பல் ஊழியர்களில் பெரும்பாலோர் லஸ்கர்கள் எனப்பட்ட இந்திய மாலுமிகள். அவர்களுக்கு உங்கள் கட்டுரையிலும் இடமில்லை, அதுதான் என் வருத்தம்.

ரஜூலா தப்பியது, எழுபதுகள் வரை ஓடியது. எங்கள் தாத்தா பினாங்கிலிருந்து அதில்தான் நாகை வந்து இறங்கினார். சுண்ணாம்பு எழுத்து பாதி அழிந்த அவருடைய தகரப்பெட்டி இன்னும் பரணில் கிடக்கிறது.